துருவ விலங்குகள் சோதனை கிட் வாங்கலாமா? ரெண்டு வாரம் செஞ்சு பாத்துட்டு எழுதுறேன்

எங்க அண்ணன் பொண்ணுக்கு பத்து வயசு. ஒரு நாள் டிவில பனிக்கட்டி மேல வரிசையா நிக்கிற பெங்குவின்கள பாத்துட்டு "அத்தை, அதுங்க வெறுங்கால்ல நிக்குதே, கால் ஒறஞ்சு போகாதா"ன்னு கேட்டா. நான் ஒடனே "ஒடம்பு பூரா கொழுப்பு இருக்குல்ல கண்ணு, அதான் குளிராது"ன்னு சொல்லிட்டேன், அவ விடல, "கால்ல எங்க அத்தை கொழுப்பு, வெறும் தோலும் நகமுமால்ல இருக்கு"ன்னா. சரியான கேள்வி. அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த கிட்ட ஆன்லைன்ல தேடி வாங்குனேன், ரெண்டு வாரமா ரெண்டு பேரும் ஒக்காந்து அதுல இருக்குற எல்லா சோதனையும் செஞ்சோம், சிலத ரெண்டு மூணு தடவ செஞ்சோம். கம்பெனி பேர் வேண்டாம், இதே மாதிரி கிட் நிறைய பேர் விக்கிறாங்க, உள்ள இருக்குறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால எந்த கிட்ட வாங்குறவங்களுக்கும் நான் சொல்றது பொருந்தும்.

பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னா, கை நுழையுற அளவுக்கு கெட்டியான பிளாஸ்டிக் பை நாலு, வெள்ளையா கெட்டியான கொழுப்பு ஒரு பாக்கெட், ரெண்டு தெர்மாமீட்டர், மூடி போட்ட சின்ன பாட்டில் மூணு, ஒரு கைக்குட்டை அளவுக்கு செயற்கை ரோமத்துணி, ஒரு பொட்டலம் இறகு, சின்ன உலோக கப் ஏழு பெரிய கப் ஒண்ணு, பன்னெண்டு விலங்கு அட்டை, ஒரு சின்ன புத்தகம். ஐஸும் தண்ணியும் மட்டும் நம்மளோடது.

மொத சோதனை கொழுப்பு கையுறை. இது ஒண்ணுக்காகவே இந்த கிட்ட வாங்கலாம்னு சொல்லுவேன். ஒரு பைக்குள்ள இன்னொரு பைய விட்டு, நடுவுல கொழுப்ப நல்லா பரப்பி, வாய ஒட்டிடணும், அது ஒரு கைக்கு, இன்னொரு கைக்கு கொழுப்பு இல்லாம வெறும் ரெண்டு பை. ரெண்டு கையயும் ஒரே நேரத்துல ஐஸ் தண்ணி வாளிக்குள்ள விடணும். பாப்பா ஆர்வமா விட்டா, ஒரு நிமிஷம் கூட ஆகல, வெறும் பை கைய வெளிய இழுத்துட்டா, வெரல் எல்லாம் செவந்து போச்சு, கொழுப்பு பை கை மட்டும் உள்ளயே இருந்துச்சு, நான் எண்ணிக்கிட்டே இருந்தேன், ஏழு நிமிஷம் ஆச்சு, அவளா "போர் அடிக்குது அத்தை"ன்னு எடுத்தாளே தவிர குளிருதுன்னு எடுக்கல. நானும் செஞ்சேன். அந்த வித்தியாசத்த வார்த்தையில சொல்லி புரிய வைக்க முடியாது, ஒரு பக்கம் எலும்பு வரைக்கும் வலிக்குது, இன்னொரு பக்கம் வாளிக்குள்ள கை இருக்குறதே தெரியல.

தண்ணி காத்த விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமா சூட்ட கடத்தும், அதனாலதான் கடல்லயே வாழுற விலங்குகளுக்கு இந்த தோலடிக் கொழுப்பு அவ்வளவு அவசியம்னு புத்தகத்துல தெளிவா போட்டிருக்காங்க, நல்லா எழுதுன பகுதி அது. ஆர்க்டிக் கடல்ல இருக்குற போஹெட் திமிங்கலத்துக்கு கொழுப்பு அடுக்கு மட்டும் அர மீட்டர் கிட்ட இருக்கும். பாப்பா ஸ்கேல் எடுத்துட்டு வந்து நம்ம பையில கொழுப்பு எவ்வளவு தடிமன்னு அளந்தா, ஒரு சென்டிமீட்டர் தான் இருந்துச்சு. ஒரு சென்டிமீட்டருக்கே கை ஏழு நிமிஷம் தாங்குதுன்னா அம்பது சென்டிமீட்டர்னா என்னான்னு அவளே யோசிச்சு யோசிச்சு ஆச்சரியப்பட்டுக்கிட்டு இருந்தா. அந்தக் கொழுப்ப குட்டிங்க எப்படி சேக்குதுங்கறதும் ஒரு அட்டையில இருக்கு, ஹூடட் சீல்னு ஒரு கடல்நாய் வகை, அது குட்டிக்கு வெறும் நாலு நாள் தான் பால் குடுக்கும், ஆனா பால்ல பாதிக்கு மேல கொழுப்பு, நாலே நாள்ல குட்டியோட எடை ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆயிடும். மிதக்குற பனிக்கட்டி மேல பெத்துப் போடுறதால, பனி உடையறதுக்குள்ள குட்டி தேறிடணும்னு இவ்வளவு அவசரம்.

இனி குறை. ரெண்டு தெர்மாமீட்டரும் ஒரே தண்ணியில வச்சா ரெண்டு விதமா காட்டுது, ரெண்டு டிகிரி வித்தியாசம். ஒப்பிட்டுப் பாக்குற சோதனைக்குன்னு ஒரு கிட் வித்துட்டு அதுல அளக்குற கருவியே இப்படி இருந்தா பிள்ளைங்க தப்பா கத்துக்கும். எங்களுக்கு மொத நாள் பாட்டில் சோதனை ஃபுல்லா வீணாப் போச்சு. வாங்கினவங்க செய்ய வேண்டியது, நெறைய ஐஸ் போட்ட தண்ணியில ரெண்டையும் அஞ்சு நிமிஷம் வைங்க, அது பூஜ்யம் காட்டணும், எது எவ்வளவு தள்ளிக் காட்டுதோ அத ஒரு பேப்பர்ல எழுதி அதுமேலயே ஒட்டிடுங்க, அப்புறம் கூட்டி கழிச்சுக்கலாம். கம்பெனிக்கு மெயில் போட்டேன், ஒரு வாரம் கழிச்சு வேற ஒண்ணு அனுப்புனாங்க, அதுவும் ஒரு டிகிரி தள்ளித்தான் காட்டுது.

அடுத்தது ரோமம். சின்ன பாட்டில்ல 40 டிகிரி சுடுதண்ணி ஊத்தி, ரோமத்துணிய சுத்தி, வெறும் பாட்டிலோட சேத்து ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்கணும். இருபது நிமிஷம் கழிச்சு பாத்தா வெறும் பாட்டில் 26, ரோமம் சுத்துனது 34. இது எதிர்பாத்ததுதான், புத்தகம் இதோட நிறுத்திடுது. நாங்க ஒரு படி மேல போயி அதே ரோமத்துணிய சுத்தி ஐஸ் தண்ணிக்குள்ள முக்குனோம், கொழுப்பு பையில சுத்துன பாட்டில பக்கத்துல முக்குனோம். அஞ்சே நிமிஷத்துல ரோம பாட்டிலோட சூடு படுத்துருச்சு, கொழுப்பு பாட்டில் கொஞ்சம்தான் எறங்கியிருந்துச்சு. பாப்பா நனஞ்ச ரோமத்த புழிஞ்சு பாத்துட்டு "உள்ள இருந்த காத்து போயிருச்சு அத்தை, அதான்"னு சொன்னா பாருங்க, எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரோமம் சூடு குடுக்கல, ரோமத்துக்கு நடுவுல அசையாம நிக்கிற காத்துதான் சூட்ட புடிச்சு வைக்குது. அதனாலதான் நிலத்துல ஓடுற ஆர்க்டிக் நரிக்கு ரோமம் போதும், தண்ணிக்குள்ளயே கெடக்குற திமிங்கலத்துக்கு கொழுப்பு வேணும், ரெண்டு எடத்துலயும் திரியுற பனிக்கரடிக்கு ரெண்டும் இருக்கு. இந்த முக்குற சோதனைய ஏன் புத்தகத்துல போடலன்னு எனக்குப் புரியல, ரெண்டு நிமிஷ வேலை, ஆனா விஷயமே அதுலதான் இருக்கு.

ஆர்க்டிக் நரியப் பத்தி அட்டையில "கடும் குளிரைத் தாங்கும்"னு ஒரே வரி போட்டு விட்டுட்டாங்க, அது போதாது. 1950ல ஷோலாண்டர்ங்கிற விஞ்ஞானியும் அவரோட குழுவும் அலாஸ்காவுல பாயின்ட் பாரோங்கிற எடத்துல துருவ விலங்குகளயும், பனாமாவுல வெப்பநாட்டு விலங்குகளயும் குளிர்ல வச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க. வெப்பநாட்டு விலங்குங்க காத்து கொஞ்சம் குளுந்தாலே ஒடம்பு எரிக்கிற சக்திய கூட்ட ஆரம்பிச்சிடுச்சு, நரி மைனஸ் 40 வரைக்கும் கூட்டவே இல்ல. அதாவது மைனஸ் 40ல அது குளிரோட போராடிக்கிட்டு இல்ல, சும்மா படுத்திருக்கு. இப்படி ஒரு வரி அட்டையில இருந்தா பிள்ளைங்களுக்கு எவ்வளவு நல்லா இருக்கும்.

இறகு சோதனை சுமார். பொட்டலத்துல இருந்த இறகு ரொம்ப கொஞ்சம், பாட்டில சுத்தி ஒழுங்கா நிக்கவும் இல்ல. எம்பரர் பெங்குவினுக்கு வெளிய தெரியுற கெட்டி இறகு மட்டும் இல்ல, அதுக்கு அடியில தோலோட ஒட்டி சின்ன சின்ன பஞ்சு இறகு அத விட நாலு மடங்கு இருக்குன்னு 2015ல எண்ணிப் பாத்து எழுதியிருக்காங்க. நாம வெளிய பாக்குற வழவழப்பான மேல் சட்டை காத்தயும் தண்ணியயும் தடுக்குது, உள்ள இருக்குற பஞ்சுதான் சூட்ட காக்குது. கிட்ல ஒரே வகை இறகு குடுத்ததால இந்த ரெண்டு வேலையும் தனித்தனியா தெரியல.

இப்போ பனிக்கரடி அட்டை. இதுல தப்பே இருக்கு, வாங்கறவங்க கட்டாயம் கவனிங்க. பனிக்கரடியோட ரோமம் கண்ணாடி இழை மாதிரி வெயில உள்ள வாங்கி நேரா கறுப்புத் தோலுக்கு கொண்டு போயி ஒடம்ப சூடாக்குதுன்னு போட்டிருக்காங்க. கேக்க அழகா இருக்கும், ரொம்ப வருஷமா எல்லாரும் சொன்ன கதை, ஆனா நிஜம் இல்ல. 1998லயே டேனியல் கூன்னு ஒரு இயற்பியல் பேராசிரியர் கரடி ரோமத்துக்குள்ள வெளிச்சத்த விட்டுப் பாத்தாரு, கொஞ்ச தூரம் போறதுக்குள்ளயே வெளிச்சம் செத்துப் போச்சு, தோல் வரைக்கும் போறதுக்கு வழியே இல்ல. தோல் கறுப்புங்கறது உண்மை, ரோமத்துக்கு நிறமே இல்ல, உள்ள வெறுமையா இருக்கும், வெளிச்சம் சிதறுறதால வெள்ளையா தெரியுது, இதெல்லாமும் உண்மை. வெயில கொண்டு போற கதை மட்டும் தூக்கிடணும்.

அந்த எடத்துல போடுறதுக்கு அத விட அருமையான நிஜ விஷயம் ஒண்ணு இருக்கு. கரடி தண்ணிக்குள்ள குதிச்சு வெளிய வந்து மைனஸ் முப்பது டிகிரில நிக்குது, ஆனா ரோமத்துல பனிக்கட்டி ஒட்டுறதில்ல, ஏன்? 2025 ஜனவரில வந்த ஆராய்ச்சி, நார்வேயில பெர்கன் பல்கலைக்கழகம், அயர்லாந்துல ட்ரினிட்டி காலேஜ்னு பல எடத்து ஆளுங்க சேந்து செஞ்சது, கரடி ரோமத்துல ஊறியிருக்குற எண்ணெய்ப் பசைதான் காரணம்னு காட்டியிருக்காங்க. மனுஷன் தலைமுடி எண்ணெய்ல நிறைய இருக்குற ஸ்க்வாலின்ங்கிற பொருள் கரடியோடதுல கிட்டத்தட்ட இல்ல, அது இருந்தா பனி ஒட்டிக்குமாம். ரோமத்த கழுவி எண்ணெய்ய எடுத்துட்டா கரடி ரோமத்துலயும் பனி நல்லா ஒட்டிக்குது. ஆர்க்டிக் பகுதியில வாழுற இனுயிட் மக்கள் இத பல தலைமுறையா தெரிஞ்சு வச்சு, பனி மேல சத்தமில்லாம நடக்க காலணிக்கு அடியில கரடித் தோல கட்டுவாங்க. விஞ்ஞானம் இப்பதான் அங்க வந்து சேந்திருக்கு.

சரி, பாப்பாவோட கேள்விக்கு வருவோம். பெங்குவின் கால். புத்தகத்த மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பொரட்டிட்டோம், பதில் இல்ல. எல்லா சோதனையும் மூடி வைக்கிறதப் பத்தியே இருக்கு, கொழுப்பால மூடு, ரோமத்தால மூடு, இறகால மூடு. மூட முடியாத எடத்துக்கு என்ன செய்யறதுங்கறதுதான் அவ கேட்டது, துருவத்துல வாழுறதுக்கான பாதி சூட்சுமம் அங்கதான் இருக்கு, அத விட்டுட்டாங்கங்கறதுதான் எனக்கு இந்த கிட் மேல இருக்குற பெரிய வருத்தம்.

பதில் இதுதான், கால சூடா வச்சுக்க அது முயற்சியே பண்றதில்ல. காலுக்குப் போற ரத்தக் குழாயும் கால்லேர்ந்து திரும்பி வர்ற குழாயும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி எதிரெதிரா ஓடுது, கீழ போற சூடான ரத்தம் மேல வர்ற குளுந்த ரத்தத்துக்கு சூட்ட குடுத்துட்டு தான் ஆறிப் போயி பாதத்துக்குப் போவுது, அதனால பாதம் ஒறையாம இருக்க எவ்வளவு வேணுமோ, பூஜ்யத்துக்கு ஒண்ணு ரெண்டு டிகிரி மேல, அவ்வளவுதான் சூடு அங்க போவுது, மிச்ச சூடு ஒடம்புக்கே திரும்பி வந்துடுது. பாதம் குளுந்து கெடக்குறதால பனிக்கட்டிக்குப் போற சூடும் கம்மி.

இத சொன்னா பாப்பாவுக்குப் புரியல, எனக்கே சொல்லும்போது முழுசா பிடிபடல. அதனால செஞ்சு பாத்தோம். மொதல்ல மீன் தொட்டிக்கு போடுற பிளாஸ்டிக் டியூப் ரெண்ட சேத்துக் கட்டி முயற்சி பண்ணோம், தேறல, பிளாஸ்டிக் சூட்ட விடாது. அப்புறம் மெல்லிசான செம்புக் குழாய் ரெண்டு, ஒண்ணர மீட்டர் நீளம், பக்கத்துல பக்கத்துல வச்சு அலுமினிய ஃபாயில் சுத்தி, மேல பழைய துணி சுத்திட்டோம். ஒண்ணுல 45 டிகிரி சுடுதண்ணி சொட்டு சொட்டா, இன்னொண்ணுல எதிர் பக்கத்துலேர்ந்து 8 டிகிரி ஐஸ் தண்ணி. வெளிய வந்தத அளந்தா சுடுதண்ணி 22க்கு எறங்கிருச்சு, ஐஸ் தண்ணி 29க்கு ஏறிருச்சு! குளுந்ததா உள்ள போன தண்ணி வெளிய வரும்போது, சூடா உள்ள போன தண்ணி வெளிய வர்றத விட சூடா வருது. ரெண்டையும் ஒரே பக்கத்துலேர்ந்து விட்டா இப்படி நடக்கல, 27ம் 25ம்னு நடுவுல வந்து நின்னுடுச்சு. எதிரெதிரா ஓடுறதுல தான் விஷயமே இருக்கு. பாப்பா அந்த தண்ணிய வெரல் விட்டு விட்டு பாத்தா, நம்பவே முடியல அவளுக்கு. ரெண்டு குழாய் போட்டிருந்தா இந்த கிட் எங்கயோ போயிருக்கும்.

இன்னொண்ணும் அவளாவே கண்டுபிடிச்சா. கொழுப்பு பைய ஐஸ் தண்ணியிலேர்ந்து எடுக்கும்போது அது மெழுகுவத்தி மாதிரி வெறச்சுப் போயிருந்துச்சு, மடக்க முடியல. "குளுந்த கால்லயும் இப்படி வெறச்சா எப்படி அத்தை நடக்கும்"னு கேட்டா. உண்மையிலயே அதுக்கும் ஏற்பாடு இருக்கு, கரிபூங்கிற துருவ மான் கால்ல கீழ போகப் போக கொழுப்போட தன்மையே மாறுது, குளம்பு பக்கம் இருக்குறது குறஞ்ச சூட்டுலயும் எண்ணெய் மாதிரி எளகியே இருக்கும், மேல தொடை பக்கம் இருக்குறது நம்ம பையில இருந்த மாதிரி கெட்டியாகுற வகை. நான் ஒரு கரண்டி சமையல் எண்ணெய்யயும் இந்த கொழுப்பயும் பக்கத்துல பக்கத்துல ஐஸ்ல வச்சு காட்டுனேன், அவளுக்கு டக்குனு புரிஞ்சிடுச்சு. ஆர்க்டிக் நரி, ஓநாய் பாதத்த 1972ல அளந்திருக்காங்க, மைனஸ் 35 டிகிரி குளிர்ல வச்சப்ப பாதத்த மைனஸ் ஒண்ணு பக்கத்துல, சதை ஒறையற எல்லைக்கு சரியா ஒரு மயிரிழை மேல, அதுங்க நிறுத்தி வச்சுக்குச்சு. குளிர விடுறதுலயும் அவ்வளவு கணக்கு.

மூக்குலயும் இதே வேலை நடக்குது. துருவ மானோட மூக்குக்குள்ள சுருள் சுருளா மடிப்பு இருக்கும், உள்ள போற காத்து அதுல சூடாகிப் போவுது, வெளிய வர்ற மூச்சு அதுலயே சூட்டயும் ஈரத்தயும் விட்டுட்டு வருது. நம்ம வாயிலேர்ந்து வர்ற ஆவிய நெனச்சுப் பாத்தீங்கன்னா அதுல எவ்வளவு சூடு வீணாகுதுன்னு தெரியும்.

இதுக்கு மறுபக்கமும் ஒண்ணு இருக்கு, அதுவும் கிட்ல இல்ல. இவ்வளவு மூடி வச்ச ஒடம்பு கொஞ்சம் வேல செஞ்சா சூடு தாங்காம போயிடும். பனிக்கரடி அதனாலதான் பெரும்பாலும் மெதுவா நடக்கும், ரொம்ப தூரம் ஓடுனா சூடேறிப் போயிடும். வால்ரஸ்ங்கிற பெரிய கடல் பாலூட்டி குளுந்த தண்ணியிலேர்ந்து வெளுத்துப் போயி வரும், கரையில வெயில்ல படுத்தா ரோஸ் கலரா மாறும், தோலுக்கு வர்ற ரத்தத்த மூடியும் தெறந்தும் சூட்ட கட்டுப்படுத்துது. போஹெட் திமிங்கலத்துக்கு வாய்க்குள்ள மேலண்ணத்துல ரத்தம் நெறையற நீளமான ஒரு உறுப்பு இருக்குன்னு 2013ல எழுதுனாங்க, வாயத் தெறந்தா அது குளுந்த கடல் தண்ணியில ஆறும், ஒடம்புச் சூட்ட வெளிய தள்ள அதுக்கு ஒரு வழி. அர மீட்டர் கம்பளி போத்துனவன் வாயத் தெறந்து ஆத்திக்கிற மாதிரி.

கப் சோதனை நல்லா இருந்துச்சு. பெரிய கப்பு மெதுவா ஆறும், சின்ன கப்பு சீக்கிரம் ஆறும், அதனால குளிர் எடத்துல ஒடம்பு பெருசா இருக்குறது லாபம்னு காட்டுறாங்க, 1847ல பெர்க்மன்ங்கிற விஞ்ஞானி சொன்ன விதி. அன்டார்க்டிகாவுல இருக்குற எம்பரர் பெங்குவின் 40 கிலோ வரைக்கும் போவும், பூமத்திய ரேகை பக்கத்துல கலபகோஸ் தீவுல இருக்குற பெங்குவின் ரெண்டர கிலோ தான், இந்த உதாரணம் புத்தகத்துலயே இருக்கு. ஆனா பாப்பா ஏழு சின்ன கப்பயும் ஒண்ணா சேத்து நடுவுல ஒண்ண வச்சா, அது அவளோட யோசனை. கால்மணி நேரம் கழிச்சு தனியா வச்ச கப்பு 24, கூட்டத்தோட ஓரத்துல இருந்தது 29, நடுவுல இருந்தது 34. எம்பரர் பெங்குவின்க அன்டார்க்டிகாவோட நடு குளிர்காலத்துல இப்படித்தான் ஆயிரக்கணக்குல நெருக்கி நிக்குதுங்க, அப்பாங்க முட்டைய பாதத்து மேல வச்சு ரெண்டு மாசத்துக்கு மேல அடைகாக்குது, கடல விட்டு வந்ததுலேர்ந்து கணக்குப் போட்டா நாலு மாசம் கிட்ட சாப்பாடே இல்ல. கூட்டத்துக்கு நடுவுல சூடு 37 டிகிரி வரைக்கும் போனத அளந்திருக்காங்க, அதான் யாரும் ஒரே எடத்துல நிக்கிறதில்ல, அர நிமிஷம் ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒரு சின்ன அடி, அந்த அசைவு அலை மாதிரி கூட்டம் பூரா பரவுது. பாப்பா அதயும் கப்ப நகத்தி நகத்தி செஞ்சு பாத்தா, அப்புறம் எல்லா கப்பும் ஏறக்குறைய ஒரே சூட்டுல நின்னுச்சு. இந்த ஒரு சாயங்காலம் எனக்கு ரொம்ப புடிச்சுது.

பன்னெண்டு அட்டையில பாலூட்டியும் பறவையும் மட்டும்தான். மீன் இல்ல, பூச்சி இல்ல. இது பெரிய விடுபடல். அன்டார்க்டிக் கடல் தண்ணி உப்பா இருக்குறதால மைனஸ் 1.9 டிகிரில தான் ஒறையும், ஆனா சாதாரண மீனோட ரத்தத்துல உப்பு கம்மி, அது மைனஸ் ஒண்ணு வர்றதுக்கு முன்னாடியே ஒறஞ்சிடணும். அப்போ அங்க மீனே இருக்கக் கூடாதுல்ல? ஆனா இருக்கு. ஆர்தர் டிவ்ரீஸ்ங்கிற விஞ்ஞானி 1960கள்ல அன்டார்க்டிகாவுல மெக்மர்டோங்கிற ஆராய்ச்சி நிலையம் பக்கத்துல அந்த மீன்கள ஆராய்ச்சி பண்ணி, ரத்தத்துல ஒரு புரதம் இருக்கு, அது உள்ள உண்டாகுற பொடிப் பொடி பனித்துகள் மேல போயி ஒட்டிக்கிட்டு அத வளர விடாம தடுக்குதுன்னு கண்டுபிடிச்சாரு. உலகத்தோட இன்னொரு மூலையில, ஆர்க்டிக் காட் மீனுக்கும் கிட்டத்தட்ட இதே புரதம் இருக்கு, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல, தனித்தனியா உண்டானதுன்னு 1997ல காட்டுனாங்க. இன்னும் ஒரு படி மேல, ஐஸ்ஃபிஷ்னு ஒரு குடும்பம், அதோட ரத்தத்துல சிவப்பே இல்ல, ஹீமோகுளோபின் இல்லாம தெளிவா இருக்கும், குளுந்த தண்ணியில ஆக்ஸிஜன் நெறைய கரையும், இதயமும் பெருசு, அத வச்சே வாழுது. உப்புத் தண்ணி ஒரு கப்பு, நல்ல தண்ணி ஒரு கப்பு ஃப்ரீசர்ல வச்சு எது மொதல்ல ஒறையுதுன்னு பாக்குற சோதனை போட்டா செலவே இல்லாம மீன் கதைய கொண்டு வந்திருக்கலாம். அதே மாதிரி அலாஸ்காவுல தரை அணில் குளிர்கால தூக்கத்துல ஒடம்பு சூட்ட மைனஸ் 2.9 வரைக்கும் எறக்குதுன்னு 1989ல ப்ரையன் பார்ன்ஸ்ங்கிற விஞ்ஞானி அளந்தாரு, ரத்தம் ஒறையாம ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்க நடுங்கி நடுங்கி தன்ன சூடாக்கிட்டு மறுபடி தூங்குது. அன்டார்க்டிகாவுல நிலத்துலயே வாழுற விலங்குல பெருசு எதுன்னு கேட்டா ரெக்க இல்லாத ஒரு கொசு மாதிரி பூச்சி, அர சென்டிமீட்டர் தான் இருக்கும். அந்த மீனுங்களுக்கும் இந்தப் பூச்சிக்கும் ரோமமும் இல்ல, கொழுப்பு போர்வையும் இல்ல.

அப்புறம் பெட்டி மேல படம். பனிக்கரடியும் பெங்குவினும் ஒரே பனிக்கட்டில நிக்குது. கரடி வட துருவத்துப் பக்கம், பெங்குவின் தெற்குப் பக்கம், ரெண்டும் பாத்துக்கிட்டதே கெடையாது. பிள்ளைங்களுக்கு விக்கிற அறிவியல் பெட்டியில இத விடக் கூடாது, உள்ள புத்தகத்துல சரியா எழுதிட்டு வெளிய ஏன் இப்படி போடணும்.

வாங்கலாமான்னு கேட்டா வாங்கலாம், ஆனா கூட ஒக்காந்து செய்ய ஒரு பெரியவங்க இருந்தா மட்டும் வாங்குங்க, தனியா பிள்ளைங்க கையில குடுத்தா கொழுப்பு கையுறையோட நின்னுடும். எட்டு வயசுக்கு மேல சரியா இருக்கும். ஐஸ் தண்ணியில வெறும் கைய ஒரு நிமிஷத்துக்கு மேல வைக்க விடாதீங்க. பை ஓரத்த அவங்க குடுத்த டேப்பால ஒட்டுனா கசியும், ரெண்டு சுத்து நல்ல டேப் போடுங்க. வேல முடிஞ்சதும் கொழுப்ப தொட்டியில ஊத்திடாதீங்க, குழாய் அடச்சுக்கும், பேப்பர்ல சுருட்டி குப்பையில போட்டுட்டு பைய மட்டும் சுடுதண்ணி சோப்புல கழுவுங்க.

அட்டைங்க இப்போ பதினாலு ஆயிடுச்சு. கரடி அட்டையில அந்த வெயில் வரி மேல பாப்பா வெள்ளப் பேப்பர் ஒட்டி "ரோமத்துல எண்ணெய் இருக்கு, பனி ஒட்டாது"ன்னு எழுதியிருக்கா. புதுசா ரெண்டு அட்டை அவளே வெட்டி வரஞ்சா, ஒண்ணு ஐஸ்ஃபிஷ், கலரே அடிக்காம பென்சில்லயே விட்டுட்டா. இன்னொண்ணுல பெங்குவினோட கால் மட்டும், செவப்பு கோடு ஒண்ணு கீழ போவுது, நீலக் கோடு ஒண்ணு அத ஒட்டியே மேல வருது, ரெண்டுக்கும் நடுவுல சின்ன சின்னதா அம்புக்குறி.